பாதித் தண்ணீர்த் தொட்டிகள்

என் அப்பா முப்பத்தோரு ஆண்டுகள் களைச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். மற்றவர்கள் பிடுங்கி எறிகிற செடிகளைச் சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. களை ஆராய்ச்சி நிலையத்தின் தொட்டிக் கொட்டகையில் தொழிலாளி. அதே நிலையத்தின் மாடியில் நான் வேதியியல் ஆய்வாளர். அவர் வளர்த்த செடிகளில் ஒன்று அவருடைய தோலை அழித்தது. தோல் போனபின் உயிரும் போனது. அந்தச் செடியின் விஷத்தை அளந்து எழுதியவள் நான். கொட்டகையைவிட்டு வெளியே வாருங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்குப் பதினெட்டு நாள் இருந்தது. சொல்லவில்லை.

கொட்டகை என்றால் கம்பிவலைச் சுவரும் வெளிச்சம் புகும் தகட்டுக் கூரையும் கொண்ட நீளமான கூடம். நான்கு இரும்பு மேசைகள், மேசைக்கு அறுபது தொட்டிகள். மூலையில் ஒரு குழாய், இரண்டு பூவாளி, ஒரு பெஞ்சு. மதியத்துக்கு மேல் கூரைத் தகடு சூட்டில் விரிந்து டப்பென்று சத்தம் போடும். புதிதாக வருகிறவர்கள் யாரோ கல்லெறிகிறார்கள் என்று வெளியே ஓடுவார்கள். அப்பா தடுக்க மாட்டார். திரும்பி வந்ததும், "ஆள் கிடைச்சானா?" என்று கேட்பார்.

நிலையத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். நீர் ஊற்றுவதில் ஒரு கணக்கு உண்டு. நன்றாக நனைந்த தொட்டி ஐந்து கிலோ என்றால், அடுத்த நாள் எடையில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நீர் போயிருக்கிறது. குறைந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். அப்பா தொட்டியை எடைக்கருவியில் வைக்கும் முன் இரண்டு கையாலும் தூக்கி, மார்போடு சேர்த்துப் பிடித்து, ஓர் எண் சொல்வார். பிறகு கருவியில் வைப்பார். ஐம்பது கிராமுக்கு மேல் அவர் தவறி நான் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் அது விளையாட்டுதான். வயல் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். குரலை வைத்து அவருக்கு டமாரம் என்று பெயர். அப்பாவோடு டீக்குப் பந்தயம் கட்டுவார், தோற்பார்.

"அண்ணே, வீட்டுல அண்ணியத் தூக்கிப் பாத்து எடை சொல்லியிருக்கீங்களா?"

"சொன்னேம்மா. அதுக்கப்புறம் ரெண்டு நாள் சோறு கிடைக்கல."

பார்த்தீனியம் சோதனையை நான்தான் தொடங்கினேன். வெளியிலிருந்து வந்து பரவிய செடி அது. இடத்தையும் வெளிச்சத்தையும் பிடுங்கிக்கொள்வதோடு அது நிற்பதில்லை. இலையிலும் வேரிலும் ஒரு நஞ்சைச் செய்து மண்ணில் விடுகிறது. அந்த மண்ணில் வேறு விதைகள் முளைக்கத் தயங்கும். முளைத்தாலும் வேர் நீளாது. மழை பொய்த்த மூன்று ஆண்டுகளில் மற்ற எல்லாம் கருகியபோது இது மட்டும் சாலையோரங்களில் பெருகியது. செடி தாகத்தில் இருக்கும்போது அதன் நஞ்சு கூடுகிறதா, குறைகிறதா? அதுதான் என் கேள்வி.

ஒவ்வொரு தொட்டியிலும் நடுவில் ஒரு பார்த்தீனியம், சுற்றி நான்கு பயறு நாற்று. ஒரு மேசைக்கு முழுத் தண்ணீர், இன்னொன்றுக்குப் பாதி, மூன்றாவதற்குக் கால். நான்காவது மேசை ஒப்பிட்டுப் பார்க்க: அதில் களை இல்லாமல் பயறு மட்டும், மூன்று நீர் அளவிலும். இது தவிர மேசைக்குப் பத்துத் தொட்டிகளில் மண்ணோடு கரித்தூள் கலந்திருந்தோம். கரி நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும். கரி போட்ட தொட்டியில் பயறு பிழைத்து, போடாத தொட்டியில் செத்தால், கொன்றது தாகம் அல்ல, நஞ்சு.

இரண்டாவது மாதம் எடைக்கருவி பழுதானது. சரிசெய்ய அனுப்பினோம், திரும்பவில்லை. அதிகாரி ஒரு கடிதம் எழுதினார். பிறகு கொட்டகைக்கு வந்து, "தராசு, நீ சமாளிச்சுடுவ இல்ல?" என்றார்.

"நான் இருக்கறவரைக்கும் சமாளிக்கலாம் சார்."

அதோடு எல்லோரும் கருவியை மறந்தோம். வேறு இடத்தில் கருவி கெட்டால் வேலை நிற்கும். எங்களிடம் ஓர் ஆள் இருந்தார், அதனால் நிற்கவில்லை. எங்கள் தவறு அதுதான். அறிக்கையில் 'எடை பார்த்து நீர் ஊற்றப்பட்டது' என்று நான் எழுதினேன். யாருடைய கை என்று எழுதவில்லை.

அப்பா காலையும் மாலையும் இருநூற்று நாற்பது தொட்டிகளைத் தூக்கினார். பாதித் தண்ணீர் மேசையில்தான் வேலை அதிகம். அங்கே ஐம்பது கிராம் கூடினாலும் குறைந்தாலும் அது பாதி இல்லை. சந்தேகம் வந்தால் இரண்டாவது முறையும் தூக்குவார். தூக்கும்போது இலைகள் அவர் தாடையிலும் கழுத்திலும் படும். பார்த்தீனியத்தின் இலையில் கண்ணுக்கு எளிதில் தெரியாத ரோமங்கள் உண்டு. நஞ்சு அந்த ரோமங்களில் இருக்கிறது. இது எனக்குத் தெரியும். என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

தடித்த ரப்பர் கையுறை கொடுத்தோம். ஒரு நாள் போட்டார்.

"இதப் போட்டா தொட்டி வழுக்குது. எடையும் தெரிய மாட்டேங்குது. மூக்க மூடிக்கிட்டு சமையல் ருசி பாக்கற மாதிரி இருக்கு."

கழற்றிக் குழாயின் மேல் மாட்டினார். அது அங்கேயே கிடந்து வெடித்தது.

முதலில் கண்ணிமை வீங்கியது. அம்மா வீட்டில் பள்ளிச் சீருடை தைப்பவர். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன கண்ணு இப்படி வீங்கியிருக்கு? அழுதீங்களா?"

"உன்னக் கட்டிக்கிட்ட அன்னைக்கு அழுதது. இப்பதான் வெளிய தெரியுது."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

அடுத்த வாரமே அவருக்குக் காலர் உயர்ந்த முழுக்கைச் சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தார். அப்பா அதைப் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புவார். கொட்டகைக்குள் நுழைந்ததும் சூடு தாங்காமல் கழற்றிப் பெஞ்சில் மடித்து வைப்பார். மாலையில் மறுபடி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். நான் தினமும் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

முதல் பருவம் முடிந்து எண்கள் வந்தன. பாதித் தண்ணீர்ச் செடிகள் உயரத்தில் குட்டை. ஆனால் அவற்றின் இலையில், கிராமுக்கு, நஞ்சு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கால் தண்ணீரில் அவ்வளவு இல்லை. அங்கே நஞ்சு செய்யவும் செடிக்குத் தெம்பு இல்லை. பாதிப் பட்டினியில்தான் அது மிக மோசம். பாதித் தண்ணீரில் களையோடு நின்ற பயறு, நான்குக்கு மூன்று செத்தது. களை இல்லாத தொட்டியில் அதே பாதித் தண்ணீரில் பயறு வளர்ச்சி குன்றியும் பிழைத்தது. கரி கலந்த தொட்டிகளிலும் பெரும்பாலும் பிழைத்தது.

படியில் ஓடி இறங்கிக் கொட்டகைக்குப் போனேன்.

"அப்பா, பாதித் தண்ணியிலதான் அதிகம். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு!"

அவர் பூவாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். "தெரியும்."

"எப்படி?"

"அந்த மேசைக்குப் போனாதான் கழுத்து எரியுது. முழுத் தண்ணி மேசையில அவ்வளவு இல்ல. கால் தண்ணியிலயும் இல்ல."

நான் சிரித்தேன். டமாரமும் அங்கே இருந்தார். மற்றவர்கள் முன்னால் அப்பா என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

"கரி போட்ட தொட்டில பயறு பொழைச்சுடுச்சு இல்ல மேடம்? எனக்கும் ரெண்டு கை கரி பூசி விடுங்க."

"ஏற்கெனவே பூசின மாதிரிதானேண்ணே இருக்கீங்க," என்றார் டமாரம். மூவரும் சிரித்தோம்.

அவர் சொன்னது ஓர் அளவீடு. மூன்று மேசையிலும் என் எண்களோடு பொருந்திய அளவீடு. அதை நான் வெறும் பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு பருவம் போதாது. முடிவை உறுதி செய்ய இரண்டாவது வேண்டும். இடையில் கிடைத்த இரண்டு மாதத்தில் அப்பாவின் தோல் ஆறியது. அதனால் அவரும் பயப்படவில்லை, நானும் பயப்படவில்லை. இரண்டாவது பருவம் தொடங்கிய மூன்றாம் வாரம் இமை, உதடு, காது மடல், முழங்கை மடிப்பு எல்லாம் ஒன்றாக வெடித்தன. நீர் வடிந்தது. தலையணை உறையை அம்மா தினமும் மாற்றினார். "அலர்ஜிதான்" என்று அப்பா சொன்னார். அம்மா நம்பினார்.

அறுவடைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவரைத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். நடுவயதுப் பெண். அதிகம் பேசாதவர். முதுகில் நல்ல தோல் இருந்த இடத்தில் ஒட்டிப் பார்க்க வேண்டும், செடியின் இலையைக் கொண்டு வாருங்கள் என்றார். அவர் ஓர் இலைதான் கேட்டார். நான் இரண்டு கொண்டு போனேன்: ஒன்று முழுத் தண்ணீர் மேசையிலிருந்து, ஒன்று பாதியிலிருந்து. அது மகளின் கவலையா, ஆய்வாளரின் ஆசையா என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் பிளாஸ்திரியை உரித்தார். முதல் சதுரம் சிவந்திருந்தது. இரண்டாவது கொப்பளித்து, தன் எல்லையைத் தாண்டி, உள்ளங்கை அளவுக்குப் பரவியிருந்தது.

"இது ரெண்டும் ஒரே செடியா?" என்றார்.

"ஒரே செடிதான். இது தண்ணி குறைச்சு வளர்த்தது."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அப்பாவிடம் பேசினார். "இந்த வேலைய இன்னைக்கே விடணும். இப்ப அங்கங்க இருக்கு. உடம்பு பூரா பரவித் தோல் உரிய ஆரம்பிச்சா, உடம்பால தண்ணியப் பிடிச்சு வைக்க முடியாது, சூட்டப் பிடிச்சு வைக்க முடியாது. கிருமி நேரா ரத்தத்துல ஏறும். உயிருக்கு ஆபத்து. புரியுதா?"

"புரியுது டாக்டர்."

கடிதம் எழுதிக் கொடுத்தார். அப்பா தன் முதுகைப் பார்க்க வேண்டும் என்றார். போனில் படமெடுத்துக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"உன் ரிசல்ட்ட என் முதுகுலயே எழுதிட்டாங்க பாரு."

வெளியே தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. உட்கார்ந்தோம். எதிர்ச் சுவரில் வரிசை எண் ஓடும் பெட்டி. அது ஒவ்வொரு முறை மாறும்போதும் ஒரு மணி அடித்தது.

"அறுவடைக்கு இன்னும் எத்தன நாள்?" என்று கேட்டார்.

"பதினெட்டு."

"இப்ப நான் போயிட்டா என்ன ஆகும்?"

பதில் இருவருக்கும் தெரியும். அவர் இல்லாமல் அந்த மேசையில் பாதி என்பது சரியான பாதியாக இருக்காது. இரண்டாவது பருவம் முழுவதும் போகும். அது இல்லாமல் முதல் பருவத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

"வேற யாராவது பாத்துப்பாங்கப்பா," என்றேன். குரலில் அழுத்தம் இல்லை. அது எனக்கே கேட்டது.

"யாரு, டமாரமா? அது போடற சத்தத்துல தொட்டி பயந்தே காஞ்சுடும்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. எண் மூன்று முறை மாறியது. நான் வேண்டாம் என்று சொல்வதற்கு அவர் இடம் விட்டார் என்று இப்போது நினைக்கிறேன். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பதினெட்டு நாள்தானே," என்றார். "மருந்து தடவிக்கறேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லாத. தையல் மெஷினத் தூக்கிக்கிட்டுக் கொட்டகைக்கே வந்துடுவா."

"சரிப்பா," என்றேன்.

டாக்டரின் கடிதத்தை அதிகாரியிடம் நாங்கள் கொடுக்கவில்லை.

பதினோராம் நாள் அவர் கண்கள் கீற்றாகத்தான் திறந்தன. "கை தானே எடை போடுது, கண் எதுக்கு" என்றார். மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே நடந்து தொட்டிகளைத் தூக்கினார். நான் பக்கத்தில் நின்று எண்களை எழுதினேன். அன்றைய எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. அன்று சில தொட்டிகளிலிருந்து எடுத்து வைத்த மண்ணைப் பின்னால் உலர்த்திப் பார்த்தபோது அது தெரிந்தது.

அறுவடை இரண்டு நாள் நடந்தது. செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, இலையைத் தனியாகப் பிரித்து, காகிதப் பையில் போட்டு எண் எழுத வேண்டும். காய்ந்த இலை பொடியாகிக் காற்றில் நின்றது. முகமூடி போடச் சொன்னேன், போட்டார். கையுறை கொடுத்தேன், வேர் அறுந்துவிடும் என்றார். இரண்டாம் நாள் மாலை கடைசிப் பையை நீட்டினார். அதில் எண்ணுக்குப் பக்கத்தில் ஏதோ மெல்லிய தாள் ஒட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். அவர் விரலின் தோல்.

அறுவடை முடிந்த நான்காம் நாள் உடம்பு முழுவதும் சிவந்தது. ஐந்தாம் நாள் உரியத் தொடங்கியது. மருத்துவமனையில் சேர்த்தோம். படுக்கை விரிப்பில் தோல் தவிடு போலக் கொட்டியது. உதறி உதறி விரித்தார்கள். வெளியே வெயில் கொளுத்தும்போது அவர் பல் கிட்டிக்க நடுங்கினார்.

"அந்த ஃபேன நிறுத்தும்மா."

ஃபேன் ஓடவில்லை. எழுந்து போய்ச் சுவிட்சைத் தட்டுவது போலச் செய்துவிட்டு வந்தேன்.

ஒரு நாள் நர்ஸ் அவரை எடை பார்க்க வந்தார். ஏறுவதற்கு முன் அப்பா, "ஐம்பத்தி ரெண்டு," என்றார். ஐம்பத்து இரண்டுதான். சேர்த்தபோது அறுபத்து நான்கு. நர்ஸ் சிரித்து, "எப்படிங்க சொன்னீங்க?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். "பழக்கம்" என்றார்.

தோல் அடங்கக் கொடுத்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கி, கிருமிக்கு வழி விட்டது. மாத்திரை இல்லாமலும் முடியாது. டாக்டர் இரண்டையும் எனக்கு விளக்கினார். நான் புரிந்துகொண்டேன். புரிந்ததால் ஒன்றும் ஆகவில்லை. மருத்துவமனையில் சேர்த்த இருபத்து மூன்றாம் நாள் காலை பத்து மணி ஐம்பது நிமிடத்துக்கு இறந்தார். வயது ஐம்பத்தேழு.

பன்னிரண்டு நாள் கழித்து நிலையத்துக்குப் புதிய எடைக்கருவி வந்தது. அதிகாரி மறுபடி கடிதம் எழுதினாராம். 'தற்போது மாற்று ஏற்பாடு இல்லை' என்று இந்த முறை ஒரு வரி சேர்த்தாராம். அந்த வரி போதுமானதாக இருந்திருக்கிறது.

இரண்டாவது பருவத்தின் எண்கள் முதல் பருவத்தோடு பொருந்தின. பாதித் தண்ணீரில் நஞ்சு கூடுகிறது, கால் தண்ணீரில் குறைகிறது, கரி பயறைக் காக்கிறது. கட்டுரை எழுதினேன். செய்முறைப் பகுதியில் 'எடை பார்த்து' என்ற இடத்தை அடித்துவிட்டு, 'இரண்டாவது மாதத்திலிருந்து எல்லா எடைகளையும் ஒரு தொழிலாளி கையால் தூக்கிச் சொன்னார். அவர் இந்தச் செடியின் ஒவ்வாமையால் இறந்தார்' என்று எழுதினேன்.

அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத யாரும் ஏத்துக்க மாட்டாங்கம்மா."

"தெரியும் சார்."

"அப்ப எதுக்கு? அவர் பட்ட பாடெல்லாம் வீணாப் போகணுமா?"

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அப்படியே அனுப்பினேன். ஆறு வாரத்தில் திரும்பி வந்தது. அளவிடும் முறை நம்பத்தக்கதாக இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

அந்த வாரம் டமாரம் வீட்டுக்கு வந்து அம்மாவோடு வெகுநேரம் இருந்தார். கடைசி நாட்களில் கண் தெரியாமல் அண்ணன் தொட்டி தூக்கியதைச் சொல்லி அழுதார். சத்தம் தெருவுக்கே கேட்டது. அவர் போனபின் அம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்தார். தைக்கவில்லை.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனியே. அன்னைக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"அன்னைக்கே வேலைய விடச் சொன்னாங்கம்மா. உயிருக்கு ஆபத்துன்னு சொன்னாங்க."

"அவருக்கும் தெரியுமா?"

"பக்கத்துலதான் இருந்தார். கேட்டார்."

அம்மா மெஷினில் கிடந்த துணியை எடுத்து இரண்டாக மடித்தார். மறுபடி மடித்தார்.

"அப்ப அவருக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அந்தப் பதினெட்டு நாளும் காலையில அவருக்குச் சாப்பாடு கட்டி அனுப்பினது நான். எனக்கு மட்டும்தான் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்க."

"அம்மா..."

"நான் விட்டிருப்பேனா?"

"விட்டிருக்க மாட்டீங்க."

"அதான் சொல்லல."

"ஆமாம்மா."

துணியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அம்மா என்னோடு பேசுகிறார்: பால் பொங்குது பாரு, கதவச் சாத்து, இன்னைக்கு லேட்டாகுமா. அப்பாவைப் பற்றி யாராவது வந்து கேட்டால் அவர்களிடம் நிறையச் சொல்கிறார், சிரிக்கவும் செய்கிறார். நான் அறைக்குள் நுழைந்தால் நிறுத்திவிடுகிறார்.